இடது கையால் எடுத்த ஸ்லைடு

பங்காருபேட்டையில் வண்டி நின்றது. பெங்களூரிலிருந்து இடித்துக்கொண்டு வந்த கூட்டத்தில் பாதி அங்கே இறங்கிவிடும். மிச்சம் இருப்பவர்களுக்கு உட்கார இடமும் பேச மூச்சும் கிடைக்கும். எதிர் சீட்டில் இருந்த ரெஜினா அக்கா கைப்பையைத் திறந்து, உள்ளங்கையில் அடங்குகிற தகர டப்பா ஒன்றை எடுத்தார். விரல் நுனியில் கறுப்புப் பல்பொடியைத் தொட்டு ஈறில் தேய்க்க ஆரம்பித்தார்.

"இன்னா எஸ்தரு, உங்க மிஷினு இன்னா சொல்லுது? ரிசல்ட்டு வந்துச்சா?"

"இன்னும் வரலக்கா."

"எம்மா நாளுடி பாப்பீங்க? அடைக்கு வெச்ச முட்டையே பொரிஞ்சு இந்நேரம் குஞ்சு ஓடியிருக்கும்."

பெட்டியில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த சிரிப்பில் தாடை வலித்தது.

ரிசல்ட் அன்று மத்தியானமே வந்துவிட்டது. பெங்களூரில் என் மேஜைக் கம்ப்யூட்டரில் நானே பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏறியிருந்தேன். ரெஜினா அக்காவின் கன்னத்திலிருந்து எடுத்த செல்களைச் சுற்றி அது சிவப்புக் கோடு போட்டிருந்தது. சிவப்பு என்றால் சந்தேகம். எங்கள் வேலையில் சந்தேகம் என்பது ஒரே ஒரு வியாதியைப் பற்றித்தான். வாய்ப் புற்றுநோய்.

கேஜ்

இந்தத் தொடருக்குள் இந்த வாரம்தான் நுழைகிறீர்கள் என்றால் என்னைப் பற்றி இரண்டு வரி. நான் ஆண்டர்சன்பேட்டைக்காரி. இருட்டோடு மாரிகுப்பத்தில் வண்டி ஏறி, பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, இருட்டோடு திரும்பி வருகிறவள். செல்களைப் படம் பிடித்து, அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரே படிக்கும்படி பழக்குகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. ஊரில் என்னைக் 'கம்ப்யூட்டர் மேடம்' என்பார்கள். கேட்டாலே எரிச்சல் வரும். கடைசியில் அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

நாங்கள் ஏறுகிற பெட்டிக்குப் பெயர் கேஜ். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டை அப்படித்தான் சொல்வார்கள். சுரங்கத்தை மூடி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் ரயில் ஏறிவிட்டது. காலை வண்டிக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட். அதைத் தவறவிட்டவன் "ஷிப்ட் போச்சுபா" என்று போன் போடுவான். கூண்டையே கண்ணால் பார்த்திராத பிள்ளைகளும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

கேஜில் யாருக்கும் சீட்டு எழுதி வைக்கவில்லை. ஆனால் ஜன்னல் ஓரம் ரெஜினா அக்காவுடையது. தெரியாமல் உட்கார்ந்துவிட்ட வெளியூர்க்காரர்கள் அடுத்த ஸ்டேஷனுக்குள் எழுந்துவிடுவார்கள். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். பக்கத்தில் நின்று சும்மா பார்ப்பார். பெங்களூரில் ஒரு துணி கம்பெனியில் தையல் வரிசைக்கு சூப்பர்வைசர். அந்தப் பார்வை அங்கே பழகியது.

இன்னொரு உரிமையும் அவருக்கு உண்டு. சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிறவர் அவர். மாலை வண்டி பங்காருபேட்டையைத் தாண்டியதும் அவர்தான் பாட்டை எடுப்பார். மாரிகுப்பம் வரை கேஜ் பாடிக்கொண்டே வரும். சர்ச் பக்கமே வராத பஜார் கடைக்காரர்களும் சேர்ந்துகொள்வார்கள். ஒரு மளிகைக் கடைக்காரருக்கு எங்கள் கீர்த்தனைகள் எங்களைவிட நன்றாக மனப்பாடம்.

அந்த வாயைத்தான் மிஷின் சந்தேகப்பட்டது.

கோடு போடும் வேலை

நான் செய்கிற வேலையைப் பார்த்தால் சின்னப் பிள்ளை விளையாட்டு என்றுதான் சொல்வீர்கள். எங்கள் அத்தைகூட ஒரு தடவை பார்த்துவிட்டு, "இதுக்கா சம்பளம் குடுக்கறாங்கோ?" என்று கேட்டார்.

ஒரு கண்ணாடித் துண்டில், அதாவது ஸ்லைடில், செல்களைப் பரப்பிச் சாயம் ஏற்றி ஸ்கேனரில் வைத்தால் அது திரையில் பெரிய படமாக விரியும். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உட்கரு என்று ஒரு புள்ளி. நல்ல செல்லில் அது சின்னதாக, உருண்டையாக, அடக்கமாக இருக்கும். கெட ஆரம்பித்த செல்லில் பருத்து, கறுத்து, கோணிப் போயிருக்கும். டாக்டர் இது நல்லது, இது கெட்டது என்று சொல்லச் சொல்ல, நான் மவுஸைப் பிடித்து ஒவ்வொரு உட்கருவையும் சுற்றிக் கோடு இழுப்பேன். நல்லதற்குப் பச்சை. கெட்டதற்குச் சிவப்பு.

இப்படி வருஷக்கணக்கில் இழுத்தேன். என்னைப்போல இன்னும் சிலரும் இழுத்தார்கள். நாங்கள் இழுத்த கோடுகளைப் பார்த்துப் பார்த்து மிஷின் தானாகவே கோடு போடக் கற்றுக்கொண்டது. இப்போது நான் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் ஒரு ஸ்லைடு முழுவதையும் பார்த்துவிடுகிறது. உட்கரு எவ்வளவு பெரிசு, எவ்வளவு கோணல், எவ்வளவு கறுப்பு என்று அளந்து சொல்கிறது. சரியாகச் சொன்னபோதெல்லாம் நான் வளர்த்த பிள்ளை மாதிரி பெருமைப்பட்டிருக்கிறேன். அதை மறைப்பானேன்.

இரண்டு விஷயம் மட்டும் அதற்குத் தெரியாது. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லத் தெரியாது. அந்தக் கோடு யாருடைய கன்னத்தின் மேல் விழுகிறது என்பதும் தெரியாது.

எனக்கும் தெரியக் கூடாது என்பதுதான் விதி. ஸ்லைடில் ஓர் எண் இருக்கும். கூடவே, அந்த ஆளுக்குப் புகையிலைப் பழக்கம் உண்டா இல்லையா என்பது மட்டும் எனக்கு வரும். பெயர்கள், செல்களை எடுத்து அனுப்புகிற பல் டாக்டரிடம் பூட்டிக் கிடக்கும். ரெஜினா அக்காவின் ஸ்லைடு எனக்குத் தெரிந்துபோனது வேறு வழியில்.

சர்ச் ஹாலில்

எங்கள் ஆய்வுக்குத் தலைவர் டாக்டர் ஷாலினி. மைசூர்ப் பக்கத்துக்காரர். கன்னடமும் இங்கிலீஷும் கலந்து பேசுவார், நான் தமிழில் எழுதுகிறேன். வெட்டாமல் கிழிக்காமல், சின்ன பிரஷ்ஷால் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்து எடுத்த செல்களை வைத்தே வியாதியை ஆரம்பத்தில் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்ப்பது அவர் திட்டம். ஏதாவது ஓர் ஊர் வேண்டும் என்றார். எங்கள் ஊரில் வெற்றிலையும் புகையிலையும் மெல்லுகிறவர்கள் நிறைய. சர்ச் ஹாலில் முகாம் போடலாம் என்றேன்.

ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று அறிவித்தவளும் நான்தான். "பயப்படாதீங்க, பிரஷ் பண்ற மாதிரிதான்" என்று சொன்னேன். நான் சொன்னேன் என்பதற்காகவே வந்தார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. முதல் வாரம் பெரும்பாலும் இளவட்டங்கள். இரண்டாம் வாரம் மாரிகுப்பத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடுகளிலிருந்து பெரியவர்கள், பஜார் ஆட்கள், மெல்லுகிற வாய்கள்.

ரெஜினா அக்கா இரண்டாம் வாரம் வந்தார். பல் மருத்துவம் படிக்கிற பையன் ஒருவன் கையுறை மாட்டிக்கொண்டு, "புகையிலை போடுவீங்களா மேடம்?" என்று மரியாதையாகத்தான் கேட்டான்.

"சீ! யாரப் பாத்து இன்னா கேக்கற? ஒரு நாளைக்கு நாலு வாட்டி பல்லு தேய்க்கறவ நானு."

இல்லை என்று குறித்துக்கொண்டான். வாயைத் திறக்கச் சொன்னான். அவ்வளவுதான், அக்கா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். ஆயிரம் பேர் முன்னால் பாடுகிற வாய், ஒரு பிரஷ்ஷைக் கண்டு திறக்க மாட்டேன் என்றது. பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"எஸ்தரு எடுக்கட்டும். இல்லனா நான் வூட்டுக்குப் போறேன்."

பல் டாக்டர் சரி என்று தலையாட்டினார். நான் எடுத்தேன். நான் இடது கைக்காரி. மற்றவர்கள் எண் ஸ்டிக்கர் ஒட்டிய முனையில் பிரஷ்ஷை வைத்து மறுமுனைக்கு இழுப்பார்கள். என் கை எதிர்த் திசையில் போகும். அதனால் எல்லா ஸ்லைடிலும் செல்கள் ஸ்டிக்கர் பக்கம் தடிப்பாகத் தொடங்கி மெலிந்துகொண்டே போக, ஒன்றில் மட்டும் தலைகீழாக இருந்தது. அந்த முகாமில் நான் எடுத்தது அந்த ஒன்றுதான்.

எந்தப் பூட்டாலும் அதை என்னிடமிருந்து மறைக்க முடியாது.

சிவப்பு

முதல் வார ஸ்லைடுகள் எல்லாம் பச்சையாகவே வந்தன. அந்த வியாழக்கிழமை இரண்டாம் வாரத்தவை திரையில் விரிய ஆரம்பித்தன. முதல் ஸ்லைடு சிவப்பு. சரி, மெல்லுகிறவர் போல என்று நினைத்தேன். அடுத்ததும் சிவப்பு. அதற்கடுத்தது பச்சை. பிறகு வரிசையாகச் சிவப்பு. பாதிக்கு மேல் தாண்டியபோது என் உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்கியது. பிறகு தலைகீழ் ஸ்லைடு வந்தது. அதுவும் சிவப்பு.

டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் சிலவற்றை மைக்ராஸ்கோப்பில் வைத்து வெகு நேரம் பார்த்தார்.

"கறுப்பாகத்தான் இருக்கிறது. சாயம் கெட்டியா, செல்லே கெட்டதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை எஸ்தர். எல்லோரையும் கூப்பிட்டு அனுப்பிவிடலாம்."

எனக்கு ஊர் கண் முன்னால் வந்தது. ஒரே சாயங்காலத்தில் தெருத் தெருவாகப் போன் அடிக்கும். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. புகையிலை 'இல்லை' என்று குறித்திருந்த எண்களும் சிவப்பாக வந்திருந்தன, அதுவும் ஒன்று இரண்டல்ல.

"திங்கட்கிழமை வரைக்கும் பொறுங்க மேடம். ஏதோ தப்பு இருக்கு."

"தப்பு இல்லையென்றால்? இதில் ஒருவருக்காவது நிஜமாகவே இருந்தால், அந்த நாட்களை யார் திருப்பிக் கொடுப்பது?"

இருந்தாலும் மறுபடி கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "திங்கள். அதற்கு மேல் ஒரு மணி நேரம்கூட இல்லை" என்றார்.

அன்று மாலைதான் ரெஜினா அக்கா முட்டை பொரிந்த கதையைச் சொன்னார்.

ஏர் பிளாஸ்ட்

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுரங்கத்துக்குள் பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்தால் எங்கள் ஊர் ஆட்கள் ஏர் பிளாஸ்ட் என்பார்கள். வீட்டில் பாத்திரங்கள் அலமாரியில் குதிக்கும். நான் சின்னவளாக இருந்தபோது ஒரு தடவை அப்படிக் குதித்தது. அப்பா கீழே ஷிப்டில் இருந்தார்.

அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கேஜ் இறங்குகிற ஷாஃப்டுக்கு ஓடினார். தெருப் பெண்கள் எல்லாம் அங்கே நின்றார்கள். நான் "அப்பா எங்க?" என்று கேட்கப்போனேன். அம்மா என் வாயைப் பொத்தினார். அந்தக் கையில் அரைத்துக்கொண்டிருந்த மிளகாய் இருந்தது. உதடு எரிந்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

"கேஜு மேல வர்ற வரைக்கும் யாரு பேரயும் சொல்லக் கூடாது" என்றார்.

எல்லாப் பெண்களும் அப்படித்தான் நின்றார்கள். பெயரைச் சொன்னால் விதி அந்த ஆளைக் குறித்துக்கொள்ளும் என்று ஒரு பயம். அன்று கேஜ் மேலே வந்தது, அப்பாவும் வந்தார். அதனால் இது சோகக் கதை இல்லை. ஆனால் அந்த வியாழன் மாலை ரெஜினா அக்கா "ரிசல்ட்டு வந்துச்சா" என்று கேட்டபோது என் உதடு எரிந்தது.

நுரை வராத சோப்பு

சனிக்கிழமை முரளியின் லேபுக்குப் போனேன். ஆண்டர்சன்பேட்டை பஜாரில் துணிக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. முகாமில் எடுத்த ஸ்லைடுகளுக்குச் சாயம் ஏற்றியது அவன்தான். அவன் அப்பா நடத்திய பாத்திரக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு லேப் படிப்பு படித்தவன். கையில் சுத்தம் உண்டு, வாயில் பொறுமை கிடையாது.

"இன்னாக்கா, தப்பு கண்டுபுடிக்க வந்தியா?"

"ஆமா."

"பாரு, பாரு. நல்லாப் பாரு."

ஒவ்வொன்றாகச் செய்து காட்டினான். சாயம் புதுசு. நேரமும் சரி. தப்பு என்று சொல்ல ஒரு விரல் நீட்ட முடியவில்லை. கோபமாக வந்தது, அவன் மேல் இல்லை, பொதுவாக. கையில் ஒட்டிய சாயத்தைக் கழுவ அவன் தொட்டியில் சோப்பைத் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன். நுரையே வரவில்லை. வெள்ளையாகத் திரிந்து கையில் பிசுபிசுவென்று ஒட்டியது.

"இன்னா தண்ணிடா இது?"

"போர் தண்ணிக்கா. உப்பு. பருப்பு கூட வேகாது. எங்கம்மா டெய்லி திட்டறாங்கோ."

நான் குழாயை மூடாமல் அப்படியே நின்றேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

உட்கருவுக்குச் சாயம் ஏற்றியதும் முதலில் அது கத்தரிக்காய் ஊதாவில் இருக்கும். பிறகு ஸ்லைடைத் தண்ணீரில் அலச வேண்டும். அலசும்போதுதான் நீலமாக மாறும். இந்த மாதிரி உப்புத் தண்ணீரில் காரத்தன்மை அதிகம், அது ஏற ஏற நீலமும் ஏறும். பெங்களூர் லேபில் நாங்கள் அலசுவது சுத்திகரித்த தண்ணீரில், அளந்து கலந்த உப்போடு. மிஷின் தன் ஆயுளில் பார்த்ததெல்லாம் அந்த நிறத்தைத்தான்.

"முரளி, மொத வாரம் ஸ்லைடும் இதே தண்ணிலதான் அலசினியா?"

"இல்லக்கா. மொத வாரம் ஏரித் தண்ணி வுட்டாங்கோ. அதுக்கப்புறம் அங்க மோட்டரு ரிப்பேரு. இந்தத் தண்ணிதான். நல்லா நீலம் ஏறட்டும்னு கொஞ்சம் சாஸ்தி நேரம் வேற வுட்டேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நடுநடுவுல கொஞ்சம் ஸ்லைடு கேன் தண்ணில போட்டேன். கொழாயி அப்பப்ப நின்னுபோச்சு" என்றான்.

இடையிடையே வந்த பச்சைகள்! அந்த மாடியில் நான் கத்தினேன். கீழே துணிக்கடையிலிருந்து ஒருவர் ஓடி வந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்.

என் கன்னம்

நினைத்துக்கொண்டால் போதுமா? காட்ட வேண்டுமே. அங்கேயே என் கன்னத்தை நானே தேய்த்து இரண்டு ஸ்லைடு எடுத்தேன். முரளி ஒன்றைக் குழாயில் அலசினான், மற்றதைக் கேன் தண்ணீரில். திங்கள் காலை இரண்டையும் ஸ்கேனரில் வைத்தேன். டாக்டர் என் பின்னால் நின்றார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது.

கேன் தண்ணீர் ஸ்லைடு பச்சை. குழாய்த் தண்ணீர் ஸ்லைடு சிவப்பு. ஒரே வாய், ஒரே கன்னம், ஒரே நிமிஷத்தில் எடுத்தது. நான் பல வருஷம் உட்கார்ந்து பழக்கிய மிஷின் என் கன்னத்தையே சுற்றிச் சிவப்புக் கோடு போட்டுக் காட்டியது. நிறம் மாறியதைக் கறுப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊர்த் தண்ணீரை அது அதற்கு முன் கண்டதே இல்லை.

டாக்டர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. சிரித்து முடித்ததும், "சந்தோஷப்படாதே. இது எல்லாமே பொய் என்று காட்டவில்லை. எது பொய் என்று நமக்குத் தெரியவில்லை என்றுதான் காட்டுகிறது" என்றார். எல்லா ஸ்லைடுகளிலும் சாயத்தை இறக்கிவிட்டு, பெங்களூர் லேப் தண்ணீரில் அலசி மறுபடி ஏற்றச் சொன்னார்.

எனக்கு அந்த வார்த்தை காதில் ஏறவில்லை. மனசு பறந்துகொண்டிருந்தது. மாலை வண்டியில் ரெஜினா அக்காவைக் கட்டிப்பிடித்து, ஒன்றுமில்லக்கா, எல்லாம் பாழாய்ப்போன தண்ணிதான் என்று சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. தொண்டை வரை வந்துவிட்டது. அவரே வேறு கிளறினார்.

"இன்னாடி, மூஞ்சி பளபளன்னு கீது? சம்பளம் ஏத்திட்டாங்களா?"

"சும்மாதான்கா."

மிளகாய்க் கை ஞாபகம் வந்தது. கேஜ் இன்னும் மேலே வரவில்லை. வாயை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்ட தருணங்கள் சொற்பம், அதனால் இதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஒன்று

மறுபடி சாயம் ஏறிய ஸ்லைடுகள் தயாரானதும் ஒவ்வொன்றாக ஸ்கேனரில் போட்டோம். பச்சை. பச்சை. போன வாரம் என்னை உலுக்கிய எண்கள் எல்லாம் சாதுவாகப் பச்சைக் கோட்டுக்குள் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு பச்சைக்கும் எனக்கு ஒரு வீடு தெரிந்தது, யார் வீடு என்று தெரியாவிட்டாலும்.

தலைகீழ் ஸ்லைடு வந்தது. ஸ்டிக்கர் பக்கம் மெலிசு, மறுபக்கம் தடிப்பு. என் கை.

மிஷின் செல் செல்லாகப் போனது. பச்சை, பச்சை, பச்சை. படத்தின் ஓரத்தில், நான் அழுத்தித் தேய்த்த இடத்தில், ஒரு கொத்து. அங்கே நின்றது. சிவப்பு. பக்கத்தில் இன்னொன்று சிவப்பு.

நிறம் அளவான நீலமாகத்தான் இருந்தது. சாயத்தில் குற்றம் இல்லை. தண்ணீரில் குற்றம் இல்லை. உட்கருக்கள் பருத்து, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு, கோணிப் போயிருந்தன. நானே கையால் கோடு இழுத்திருந்தாலும் சிவப்பில்தான் இழுத்திருப்பேன்.

டாக்டர் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். நிமிரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மீதி ஸ்லைடுகளும் ஓடி முடிந்தன. எல்லாம் பச்சை. கேஜ் மேலே வந்துவிட்டது. ஓர் ஆள் குறைந்தது.

"புகையிலை இல்லை என்று போட்டிருக்கிறதே" என்றார் டாக்டர்.

"மேடம், இது யாருடையது என்று எனக்குத் தெரியும். நான் எடுத்தது." எனக்கு அழுகை வந்தது. அடக்க முயற்சி செய்யவில்லை.

அவர் என் தோளில் கை வைத்தார். ஆனால் குரலை மாற்றவில்லை. "பல் டாக்டர் போன் செய்து வரச் சொல்வார். முடிவு எதுவும் இப்போது நமக்குத் தெரியாது, சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதுவரை நீயாக ஒரு வார்த்தை பேசக் கூடாது. போன் போன பிறகு, அந்த அம்மாவிடம் பேச வேண்டியிருந்தால் பேசு."

ராங் நம்பர்

போன் போயிற்று என்று டாக்டர் சொன்னார். திரும்பத் திரும்பப் போயிற்று என்றும், அந்த அம்மா வரவில்லை என்றும் சொன்னார். என்னை ஒரு பார்வை பார்த்தார். புரிந்தது.

அன்று மாலை பங்காருபேட்டையில் வண்டி நின்றது. கூட்டம் இறங்கியது. அக்கா டப்பாவைத் திறந்தார்.

"இன்னாடி, ரெண்டு நாளா என் வாயையே பாத்துகினு கீற? பல்லுல எதுனா ஒட்டிகினு கீதா?"

"ஆஸ்பத்திரிலேந்து போன் வந்துச்சாக்கா?"

விரல் ஈறிலேயே நின்றது.

"வந்துச்சு. ராங் நம்பர்னு சொல்லி வெச்சுட்டேன்."

"எத்தினி வாட்டி?"

"வந்த வாட்டியெல்லாம்."

"அக்கா, அது ராங் நம்பர் இல்ல."

வேர்க்கடலை விற்கிறவர் எங்களுக்கு நடுவில் கூடையை நீட்டிவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"மத்தவங்களுக்கும் வந்துச்சா?" என்று கேட்டார் அக்கா. நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். அவர் தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டார்.

"நான் இன்னா பொகையிலயா போட்டேன்? எனக்கு எப்பிடி வரும்?"

பொடி தேய்க்கிற விரலை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். கையை நீட்டினேன். டப்பாவைக் கொடுத்தார். முகர்ந்தேன். கிராம்பு வாசனை, அதற்கு அடியில் வேறொன்று. பஜாரில் மூட்டை மூட்டையாக இறங்குகிறபோது தெருவே காரமாக மணக்குமே, அது. புகையிலையைக் கருக்கி அரைத்தது. இத்தனை வருஷமாக எதிர் சீட்டில் உட்கார்ந்து, கரிப் பல்பொடி என்றே நான் நினைத்திருந்தேன்.

"அக்கா, இது பொகையிலதான்."

"போடி. பல்பொடி இது. பல்லு வலிக்குன்னு எங்க நாத்தனாரு குடுத்தாங்கோ. கடையில பல்பொடின்னுதான் கேட்டு வாங்கறேன்." நிறுத்தினார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "அதான் தேய்க்கலனா தல வலிக்குதா?"

"அதான்கா."

"அறுத்துடுவாங்களா?"

"தெரியலக்கா. மொதல்ல துளியூண்டு எடுத்துப் பாப்பாங்க. ஆரம்பமா இருந்தா சுலபம். வராம இருந்தாதான் கஷ்டம்."

"வாயத் தொறக்கணும்."

"தொறக்கணும்."

"நீ எடுப்பியா?"

"என்ன வுடமாட்டாங்கக்கா. பக்கத்துல நிப்பேன்."

அவர் என் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கைதான எடுத்துச்சு. இத்தப் புடிச்சுகினுதான் தொறப்பேன். சொல்லிடு உங்க டாக்டருங்க கிட்ட" என்றார்.

பிறகு நடந்ததை நீட்டாமல் சொல்லிவிடுகிறேன். போனார். திறந்தார். என் கையை நசுக்கிவிட்டார். ஆரம்பம்தான் என்று தெரிந்தது. வெட்டி எடுத்துத் தைத்தார்கள். சில மாதம் கேஜில் பாட்டு இல்லை. பிறகு ஜன்னல் ஓரத்துக்கு அவரே திரும்பி வந்தார். முகாமில் இப்போது புகையிலை உண்டா என்று கேட்பதோடு விடுவதில்லை, எதை வைத்துப் பல் தேய்க்கிறீர்கள் என்றும் கேட்கிறோம். அந்த டப்பா என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

ஆனால் அந்த மாலையில் இதில் எதுவும் எங்களுக்குத் தெரியாது. வண்டி நகர்ந்தது. பங்காருபேட்டையின் விளக்குகள் பின்னால் போயின. பெட்டியின் அந்தக் கோடியிலிருந்து மளிகைக் கடைக்காரர் குரல் கொடுத்தார்.

"ரெஜினாக்கா, இன்னா லேட்டு? ஆரம்பிங்க!"

அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாயைக் கொப்பளித்து ஜன்னலுக்கு வெளியே துப்பினார். சேலைத் தலைப்பால் உதட்டைத் துடைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு வாயை நன்றாகத் திறந்து பாட்டை எடுத்தார்.

கேஜ் முழுக்கச் சேர்ந்து பாடியது. என்ன பாட்டு என்று எனக்கு நினைவில்லை. நான் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாரிகுப்பம் வரும் வரை என் இடது கையை அவர் விடவில்லை.